ஒரு கேலன் பெட்ரோலில் எத்தனை மைல்? சில்வர் கோஸ்ட் காலத்து எஞ்சின் சோதனைகள்

1911ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இங்கிலாந்தின் டெர்பி நகரில் தயாரான, சில்வர் கோஸ்ட் என்று பெயர்பெற்ற வகையைச் சேர்ந்த ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்று திரும்பியது. வழி முழுவதும் டாப் கியரை, அதாவது மிக உயர்ந்த கியரை, விட்டு இறங்காமலேயே அந்தப் பயணம் நடந்தது. பிரிட்டனின் மோட்டார் கார் சங்கமான ராயல் ஆட்டோமொபைல் கிளப் அதைக் கண்காணித்துப் பதிவு செய்தது. செலவான பெட்ரோலை அளந்தபோது, கேலனுக்கு 24.32 மைல் என்ற கணக்கு வந்தது. அதே கார் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓடியபோது மணிக்கு 78.26 மைல் வேகத்தை எட்டியது. நாம் பழகிய அளவுகளில் சொன்னால், லிட்டருக்கு ஏறத்தாழ 8.6 கிலோமீட்டர் மைலேஜ், மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டர் வேகம்.

இன்றைய சிறிய கார் ஒன்றோடு ஒப்பிட்டால் 8.6 என்பது குறைவாகவே தெரியும். ஆனால் அந்தக் காரின் எஞ்சின் ஏறத்தாழ 7.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது, அது வெளிவந்த காலமோ மோட்டார் கார் என்ற பொருளே உலகுக்கு அறிமுகமாகி கால் நூற்றாண்டு நிறைந்திருந்த காலம். அந்த நாளில் ஒரு காரின் எரிபொருள் சிக்கனத்தை எப்படி அளந்தார்கள், அளந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை முதன்முறையாகப் படிப்பவர்களுக்கும் விளங்கும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: மைலேஜ் எண் தனியாக நிற்கும்போது அதற்குப் பொருள் மிகக் குறைவு, அதே கார், அதே அமைப்பில், வேறு என்னென்ன செய்தது என்பதோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அது எஞ்சினைப் பற்றிய சான்றாகிறது.

பெரும் செல்வந்தர்கள் மட்டுமே வாங்கக்கூடிய காருக்குப் பெட்ரோல் சிக்கனம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரு காரணம் நடைமுறை சார்ந்தது. அக்காலப் பிரிட்டனில் இன்றுள்ளதுபோல் பெட்ரோல் பங்குகள் இல்லை. இரண்டு கேலன் தகர டின்களில் அடைத்தே பெட்ரோல் விற்கப்பட்டது. கேலனுக்கு 24 மைல் ஓடும் காரில் ஒரு டின் ஏறத்தாழ 77 கிலோமீட்டர் தூரத்துக்கு வரும். கேலனுக்கு 12 மைல் ஓடும் காரில் அதில் பாதிதான். நெடும்பயணம் போகிறவருக்கு இது பணத்தைவிட வசதியைப் பற்றிய விஷயம். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. எஞ்சினுக்குள் எரிதல் எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாத காலத்தில், செலவான பெட்ரோலின் அளவே அந்த ஒழுங்குக்குக் கிடைத்த மிகச் சிறந்த வெளி அடையாளமாக இருந்தது. பெட்ரோலை வீணாக்கும் எஞ்சின் புகை கக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியவிடும், மெதுவாக ஓடும்போது திணறும். அமைதியையும் மென்மையையும் விற்றுப் பெயர் வாங்க வேண்டிய சொகுசுக் கார் நிறுவனத்துக்கு இவை எதுவும் ஏற்கத்தக்கவை அல்ல.

எஞ்சினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலேறும்போது அது அமுக்கப்படுகிறது. மின்பொறி அதைப் பற்றவைக்க, எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அடுத்த ஏற்றத்தில் புகை வெளியேறுகிறது. நான்கு வீச்சுகளில் ஒன்று மட்டுமே வேலை தருகிறது. இதில் பெட்ரோல் வீணாவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு: கலவை சரியான விகிதத்தில் அமையாமல் போவது ஒன்று, எரிந்த வெப்பம் வேலையாக மாறாமல் வீணாய் வெளியேறுவது மற்றொன்று.

கலவையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதைவிடச் சற்றுக் குறைந்த காற்றில், அதாவது பெட்ரோல் மிகுந்த கலவையில், எஞ்சின் உச்சத் திறனைத் தரும். சற்றுக் கூடுதல் காற்றில், அதாவது மெலிந்த கலவையில், சிக்கனம் கிடைக்கும். மேலும் மெலிந்தால் தீ ஒழுங்காகப் பற்றாது, எஞ்சின் தடுமாறும். ஆகவே ஒரே கலவை எல்லா வேளைக்கும் பொருந்தாது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்புரேட்டர்; தொடக்ககாலக் கார்புரேட்டர்களின் குறை இங்கேதான் இருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு துளையான ஜெட் ஒன்று மட்டும் உள்ள கார்புரேட்டரில், எஞ்சின் வேகமெடுத்து உறிஞ்சு விசை கூடும்போது காற்று கூடும் விகிதத்தைவிடப் பெட்ரோல் அதிகமாகக் கூடிவிடும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்த கலவை, வேகத்தில் தேவைக்கு மேல் கனத்துவிடும். ரோல்ஸ் ராய்ஸை நிறுவியவர்களில் ஒருவரும் அதன் எஞ்சின்களை வடிவமைத்தவருமான ஹென்றி ராய்ஸ் தம் கார்புரேட்டரில் இரண்டு ஜெட்களையும், உறிஞ்சு விசைக்கேற்பத் தானே திறந்து கூடுதல் காற்றை உள்ளே விடும் வால்வையும் அமைத்தார். இதற்கு மேலும், ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலிருந்த நெம்புகோல்களில் ஒன்றைக்கொண்டு ஓட்டுநர் கலவையைக் கனமாகவோ மெல்லியதாகவோ மாற்றிக்கொள்ள முடிந்தது. மற்றொன்று பற்றவைக்கும் தருணத்தை முன்பின்னாக நகர்த்தியது. தேர்ந்த ஓட்டுநரின் கை பெட்ரோல் கணக்கில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியிருக்கும் என்பதை இதிலிருந்தே உணரலாம். அன்றைய சோதனை முடிவுகள் காரை மட்டுமன்றி அதை ஓட்டியவரையும் அளந்தன.

அடுத்தது அமுக்க விகிதம். பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்கும்போதுள்ள கன அளவை, அது உச்சியில் இருக்கும்போதுள்ள கன அளவால் வகுத்தால் வருவதே இந்த விகிதம். கலவையை எவ்வளவு அதிகமாக அமுக்கிப் பற்றவைக்கிறோமோ, எரிந்த வாயு அவ்வளவு அதிகமாக விரிந்து வேலை செய்யும், வெப்பம் அவ்வளவு குறைவாக வீணாகும். தொடக்ககால சில்வர் கோஸ்ட் எஞ்சினின் அமுக்க விகிதம் 3.2 மட்டுமே. இழப்பே இல்லாத கற்பனை எஞ்சினுக்கான பாடநூல் சூத்திரத்தில் இந்த எண்ணை இட்டால், வெப்பத்தில் 37 சதவீதம் வேலையாக மாறலாம் என்று வருகிறது. இன்று சாதாரணமாகிவிட்ட 10 என்ற விகிதத்துக்கு அதுவே 60 சதவீதம். அப்படியானால் ராய்ஸ் ஏன் விகிதத்தை உயர்த்தவில்லை? அன்றைய பெட்ரோல் அதற்கு இடம் தரவில்லை. கூடுதலாக அமுக்கினால், மின்பொறி கிளப்பிய தீ பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை தானே வெடித்து எரிந்து, உலோகத்தைச் சுத்தியால் அடிப்பது போன்ற தட்டொலி எழும். ஓசையின்மையைப் பெருமையாகக் கொண்ட காருக்கு இது இரட்டைக் கேடு. இந்தத் தட்டொலியின் காரணத்தை முறையாக ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர்களில் முதன்மையானவர் ஹென்றி ரிக்கார்டோ. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது, கால் கேலன் பெட்ரோலில் யார் அதிக தூரம் போவது என்ற போட்டியில் தாமே வடிவமைத்த எஞ்சின் பொருத்திய மோட்டார் சைக்கிளில் 40 மைல் சென்று வென்றவர் அவர். எரிபொருள் சோதனை ஒருவரை எஞ்சின் ஆராய்ச்சிக்கே அழைத்துச் சென்றதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினைக் காரில் பொருத்துவதற்கு முன் சோதனை மேடையில் வைத்து ஓட்டிப் பார்ப்பது ஒரு தனிக் கலை. எஞ்சின் சுழற்றும் தண்டைப் பிடித்து நிறுத்த முயலும் ஒரு தடையை அமைத்து, அத்தடை எவ்வளவு விசையோடு திருப்பப்படுகிறது என்பதைத் தராசில் அளந்து, சுற்றும் வேகத்தோடு பெருக்கினால் குதிரைத்திறன் கிடைக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி 1821இல் உருவாக்கிய அமைப்பு தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்தது. வில்லியம் ஃப்ரூட் 1877இல் கப்பல் எஞ்சின்களுக்காக உருவாக்கிய அமைப்பு கட்டைக்குப் பதில் நீரைத் தடையாக்கியது. நீர் தேய்ந்துபோகாது, வெப்பத்தையும் தானே எடுத்துச் செல்லும் என்பதால், மணிக்கணக்கில் ஓட்டிச் சோதிக்க இரண்டாவது முறையே ஏற்றதாக இருந்தது.

மேடையில் கிடைக்கும் மிகப் பயனுள்ள எண், ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற எத்தனை கிராம் பெட்ரோல் செலவாகிறது என்பது. புரிதலுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் எஞ்சின் 20 குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தந்து 6.4 கிலோ பெட்ரோலை எரிக்கிறது என்று கொள்வோம். குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு 320 கிராம். பெட்ரோலில் கிலோவுக்கு ஏறத்தாழ 44 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு குதிரைத்திறன் ஒரு மணி நேரம் செய்யும் வேலை ஏறத்தாழ 2.7 மெகாஜூல். வகுத்துப் பார்த்தால், எரித்த ஆற்றலில் 19 சதவீதம் வேலையாகியிருக்கிறது. சாலை, காற்று, ஓட்டுநர் எதுவும் குறுக்கிடாத தூய அளவு இது. கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றுவது, பற்றவைக்கும் தருணத்தை நகர்த்துவது போன்ற சிறு மாற்றங்களின் விளைவை இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தறிய முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பழைய கார்களின் பெயரோடு வரும் குதிரைத்திறன் எண்கள் பெரும்பாலும் மேடையில் அளந்தவை அல்ல. ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த சூத்திரம், சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்கச் சொன்னது. சில்வர் கோஸ்டின் சிலிண்டர் விட்டம் 4.5 அங்குலம், சிலிண்டர்கள் ஆறு, விடை 48.6. பிரிட்டனில் கார் வரி இந்த எண்ணின்மேல் விதிக்கப்பட்டது. சூத்திரத்தில் பிஸ்டன் பயணம் செய்யும் நீளத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். சில்வர் கோஸ்டின் அந்த நீளம் 4.5 அங்குலத்திலிருந்து 4.75 அங்குலமாக நீட்டப்பட்டபோது, எஞ்சின் 7,036 கன சென்டிமீட்டரிலிருந்து 7,428க்கு வளர்ந்தது. வரிக்கான குதிரைத்திறன் இம்மியும் மாறவில்லை. அளவுகோலில் இல்லாதது வளரும் என்பதை வடிவமைப்பாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். பிரிட்டிஷ் எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் ஒடுங்கிய, நீண்ட சிலிண்டர்களோடு வந்ததற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம்.

மேடைச் சோதனையில் நன்றாக ஓடிய எஞ்சினும் சாலையில் உடையக்கூடும். ராய்ஸின் முந்தைய ஆறு சிலிண்டர் காரான 30 குதிரைத்திறன் மாடலில் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக மூன்று தொகுதிகளாக வார்க்கப்பட்டிருந்தன. பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான அதன் கிராங்க் ஷாஃப்ட் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தது. ஒவ்வொரு வெடிப்பும் அந்தத் தண்டைச் சற்று முறுக்கிவிட, அது தானே எதிர்த்திசையில் நெளிந்து மீள, குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த நெளிவும் வெடிப்புகளின் தாளமும் ஒன்றோடொன்று கைகோத்துத் தண்டு முறியும் அளவுக்குப் பெருகின. 1906இன் இறுதியில் அறிமுகமான புதிய எஞ்சினில், பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று புகழ்பெற்ற அந்த எஞ்சினில், ராய்ஸ் சிலிண்டர்களை மும்மூன்றாக இரு தொகுதிகளாக்கினார். கிராங்க் ஷாஃப்ட்டின் பருமனைக் கூட்டினார், அதை ஏழு பேரிங்குகளில் தாங்கினார், அதற்குள் துளையிட்டு எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தினார். எரிபொருள் சிக்கனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நடுங்காத, நெளியாத கிராங்க் ஷாஃப்ட் இருந்தால்தான் எஞ்சினை மிகக் குறைந்த சுற்றுகளிலிருந்து மிக உயர்ந்த சுற்றுகள் வரை அச்சமின்றி ஓட்டலாம். அப்படி ஓட்ட முடிந்தால்தான் ஒரே கியரில் ஒரு நாட்டின் நீளத்தைக் கடக்கலாம். 1911ஆம் ஆண்டுச் சோதனையின் வேர் இந்த ஏழு பேரிங்குகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

சாலைச் சோதனைகளில் எரிபொருளுக்கு நடு இடம் கொடுத்த முதல் பெரிய போட்டிகளில் ஒன்று மேன் தீவின் டூரிஸ்ட் டிராஃபி. 1905இல் 208.5 மைல் தூரத்துக்கு ஒவ்வொரு காருக்கும் 9 கேலன் 2 பைண்ட் (9.25 கேலன்) பெட்ரோல் மட்டும் அளந்து கொடுக்கப்பட்டது; அதாவது கேலனுக்கு ஏறத்தாழ 22.5 மைல் ஓடாத கார் வழியிலேயே நின்றுவிடும். அந்த ஆண்டு அரோல் ஜான்ஸ்டன் கார் வென்றது. பெர்சி நார்தி ஓட்டிய 20 குதிரைத்திறன் ரோல்ஸ் ராய்ஸ் இரண்டாவதாக வந்தது. அடுத்த ஆண்டு விதி கேலனுக்கு 25 மைல் என்று இறுகியது; ராய்ஸின் கூட்டாளி சார்லஸ் ரோல்ஸ் மணிக்கு 39 மைலுக்குச் சற்று அதிகமான சராசரி வேகத்தில் வென்றார். இந்தப் போட்டியின் அறிவு மெச்சத்தக்கது. வேகம் மட்டும் போதும் என்றால் பெரிய எஞ்சினைப் பொருத்திவிடலாம். சிக்கனம் மட்டும் போதும் என்றால் ஊர்ந்தே போய்விடலாம். அளந்த பெட்ரோலில் முந்த வேண்டும் என்றவுடன், இரண்டு ஏமாற்று வழிகளும் ஒரே விதியால் அடைபட்டுவிட்டன.

1907இல் நடந்த சோதனை வேறு வகையானது. நிறுவனத்தின் நிர்வாகியான கிளாட் ஜான்சன், வெள்ளி நிறம் பூசி ‘சில்வர் கோஸ்ட்’ என்று பெயரிட்ட காரை ஸ்காட்லாந்து நம்பகத்தன்மைச் சோதனையில் ஓட்டியதோடு நிறுத்தாமல், லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மீண்டும் மீண்டும் ஓட்டி 15,000 மைலை நிறைவு செய்தார். 629ஆவது மைலில் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானே மூடிக்கொண்டு கார் நின்றது. அதன் பின் 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கு மேல், விரும்பாத நிறுத்தம் ஒன்றுகூட இல்லை. பின்னர் கிளப்பின் ஆய்வாளர்கள் காரைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். புதிய நிலைக்குக் கொண்டுவரத் தேவையான பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ் என்று கணக்கிட்டார்கள். மைலேஜ் எண்ணுக்கு இதனால் கூடுதல் எடை கிடைக்கிறது, ஏனெனில் தேய்ந்த வால்வும் தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் கொண்ட எஞ்சின் முதல் நாளில் காட்டிய சிக்கனத்தைப் பத்தாயிரம் மைலுக்குப் பின் காட்டாது.

இனி 1911க்கு வருவோம். லண்டனின் ஆக்டன் பகுதியில் இயங்கிய நேப்பியர் நிறுவனம், ரோல்ஸ் ராய்ஸுக்கு நேர்ப் போட்டியாளர். 1910இல் அதன் 65 குதிரைத்திறன் ஆறு சிலிண்டர் கார் டாப் கியரிலேயே லண்டன் எடின்பரோ பயணத்தை முடித்துக் கேலனுக்கு 19.35 மைல் என்றும், புரூக்லண்ட்ஸில் மணிக்கு 76.42 மைல் என்றும் பதிவு செய்தது. அதற்கு விடையாகவே ரோல்ஸ் ராய்ஸ் மறு ஆண்டு களமிறங்கியது. அமுக்க விகிதத்தை 3.5 அளவுக்குச் சற்று உயர்த்தி, பெரிய கார்புரேட்டரைப் பொருத்திய காரை எர்னஸ்ட் ஹைவ்ஸ் ஓட்டினார். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தவர் அவர்.

டாப் கியரில் மட்டும் ஓட்டுவது ஏன் சிக்கனத்துக்கு உதவுகிறது? ஒரே சாலை வேகத்துக்கு, தாழ்ந்த கியரில் எஞ்சின் அதிகச் சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் உராய்வில் சிறிது ஆற்றலைத் தின்னும். அதோடு, சுற்றுகள் மிகுந்து சுமை குறைவாக இருக்கும்போது எஞ்சினுக்குள் போகும் கலவையைக் கட்டுப்படுத்தும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். மூக்கை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு மூச்சை இழுப்பவரைப்போல எஞ்சின் காற்றை இழுக்கவே உழைக்கும். டாப் கியரில் சுற்றுகள் குறைந்து த்ராட்டில் அகலத் திறப்பதால் இரண்டு இழப்புகளும் ஒன்றாகக் குறைகின்றன. ஆனால் ஏற்றத்திலும் ஊர்த் தெருவிலும் எஞ்சின் நின்றுவிடாமல் அந்தக் குறைந்த சுற்றுகளிலேயே இழுத்தாக வேண்டும். அதற்குப் பெரிய சிலிண்டர்களும், தாழ்ந்த வேகத்திலும் பிசகாத கலவையும், நெளியாத கிராங்க் ஷாஃப்ட்டும் ஒருங்கே தேவைப்பட்டன.

இந்தச் சோதனையை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், டாப் கியர் ஓட்டம், மைலேஜ், உச்ச வேகம் என்ற அதன் மூன்று விடைகளும் ஒன்றையொன்று காவல் காப்பதுதான். கலவையை மெலிதாக்கிக் கார்புரேட்டரைச் சிறிதாக்கினால் 24 மைலைவிடவும் நல்ல மைலேஜ் காட்டியிருக்கலாம், ஆனால் புரூக்லண்ட்ஸில் அந்த வேகம் வந்திருக்காது. வேகத்துக்காகவே எஞ்சினைத் திருத்தியிருந்தால், நடைவேகத்தில் டாப் கியரில் இழுக்க மறுத்திருக்கும், பெட்ரோலையும் குடித்துத் தீர்த்திருக்கும். மூன்றையும் ஒரே கார் செய்து காட்டியதால் மூன்றுமே நம்பத்தக்கவையாகின்றன.

அதே வேளையில் 24.32 என்ற எண் எந்த நிலைமையில் பிறந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டப்படி பிரிட்டனின் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது. பயணத்தின் சராசரி வேகமும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவது. மணிக்கு 32 கிலோமீட்டரில் உள்ள தடையைவிட 126 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 15 மடங்கு. நிமிர்ந்த கண்ணாடியும் திறந்த உடலும் கொண்ட அக்காலக் காருக்குத் தாழ்ந்த வேகம் பெரும் சலுகை. தோராயமாக ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை, அன்றைய சாலையில் அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ 0.43 மெகாஜூல் வேலை போதும் என்று கொள்ளலாம். லிட்டருக்கு 8.6 கிலோமீட்டர் என்ற கணக்கில் எரிந்த பெட்ரோலின் ஆற்றலோ கிலோமீட்டருக்கு 3.7 மெகாஜூல். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் சக்கரத்தை அடைந்திருக்கிறது. பெரிய எஞ்சின் மிகச் சிறிய சுமையோடு ஓடும்போது அதன் சொந்த உராய்வும் காற்றிழுப்பும் எவ்வளவு தின்னும் என்பதை, மேலே மேடைக்கணக்கில் வந்த 19 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

வெற்றிக்குப் பின், அந்தக் காரின் வழியில் அமைந்த கார்கள் ‘லண்டன் எடின்பரோ’ வகை என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கு விற்கப்பட்டன. அதே 1911இல், இவ்வகைக் காரில் காற்றைக் கிழித்துச் செல்லும் ஒடுங்கிய இலகுவான உடலைப் பொருத்தி, ஹைவ்ஸ் புரூக்லண்ட்ஸில் மணிக்கு 101.8 மைல் வேகத்தைத் தொட்டார். பல கட்டுரைகள் இந்த எண்ணையும் 24.32ஐயும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. அவை இரண்டும் ஒரே அமைப்புள்ள காரின் எண்கள் அல்ல. உடலும் எடையும் மாறிய பின் கிடைத்த வேகத்தை, நான்கு பேர் அமரும் காரில் அளந்த பெட்ரோல் கணக்கோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. 24.32 என்ற எண்ணுக்கு அருகில் வைக்க வேண்டிய வேகம் 78.26தான்.